படத்துல பாத்த மாதிரியே

பேருந்துக்கு ஜன்னல் கிடையாது. ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் திரைகளில் ஏதோ ஒரு நாட்டுப் பச்சை வயல் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியக் கூடாது என்பதுதான் ஏற்பாடு. உள்ளே உட்கார்ந்திருந்த முப்பது தமிழர்களும், காலையில் விடுதியில் இட்லியைப் பொடியில் புரட்டிச் சாப்பிட்டதிலிருந்து, ஒரே ஒரு சொல் மட்டும் வாயில் வந்துவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“போற எடத்தோட பேரை யாரும் சொல்லிராதீங்க,” என்றாள் வழிகாட்டி ரிஸ்வானா. கீழக்கரைக்காரி. கெய்ரோவில் வாழ்க்கைப்பட்டு வந்து வருஷம் பல ஆகியும் அவளுடைய தமிழுக்கு ஒரு குறையும் வரவில்லை. “அதையே நெனச்சுக்கிட்டு வந்தா குல்லாவுக்கு வேலை கூடிரும். வேற ஏதாவது பேசிக்கிட்டு வாங்க.”

“பேரைச் சொல்லலம்மா. முக்கோணமா இருக்கும்னு மட்டும் சொல்லிக்கலாமா?” என்று கேட்டார் திருப்பூர் பனியன் கம்பெனி பொன்னுரங்கம். பேருந்தே சிரித்தது.

மங்கையர்க்கரசி சிரிக்கவில்லை. அவள் தன் கணவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆவுடையப்பன், முன் இருக்கையின் முதுகில் ஒட்டியிருந்த அரபி அறிவிப்பை, ஏதோ புரிந்துவிட்டவர் போல உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பார்க்க வேண்டிய இடங்களையெல்லாம் எல்லோரும் பார்த்துத் தீர்த்துவிட்ட காலம் அது. சுவர்த்திரையில் பார்த்தார்கள், சாப்பாட்டு மேசையின் மேல்பலகையில் பார்த்தார்கள், பல் தேய்க்கும்போது கண்ணாடிக்குள்ளும் பார்த்தார்கள். பிறகு மெனக்கெட்டு விமானம் ஏறி நேரில் போய் நின்றால் எல்லா நாட்டுக்காரர்கள் வாயிலும் ஒரே வாக்கியம்தான் வந்தது. “படத்துல பாத்த மாதிரியேதான் இருக்கு.” அந்த ஒரு வாக்கியம் போர்களும் பூகம்பங்களும் அசைக்காத கோட்டைகளை ஈயோட்ட வைத்தது. கோபுரங்களிலும் அரண்மனைகளிலும் காவல்காரர்கள் மட்டும் நின்றார்கள்.

அப்போதுதான் மறைப்பி வந்தது. ஒரு பொருளைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் மூளையில் ஒரே இடத்தில் இருப்பதில்லை, நூல் நூலாகப் பல இடங்களில் பரவிக் கிடக்கிறது, ஒரு நூலைப் பிடித்தால் அதன் வழியே மற்ற நூல்களுக்கும் போகலாம் என்று கண்டுபிடித்தார்கள். மெல்லிய அலைகளால் அந்த நூல்களை இரண்டு மணி நேரம் தூங்க வைக்கவும் முடிந்தது. பழைய பயங்களால் தூக்கம் கெட்டவர்களுக்காகச் செய்த கருவி அது. சுற்றுலாக்காரர்கள் கையில் கிடைத்ததும் அதற்கு வேறு யோகம் அடித்தது. பார்க்கப் போகும் இடத்தைப் பற்றிய முன்னறிவை மறைத்துவிட்டால், உலகத்திலேயே அதை முதன்முதலில் பார்க்கிற ஆளாக நிற்கலாம் அல்லவா? காகிதத்தில் அதன் பெயர் முன்னறிவு மறைப்பி. ஜனங்கள் வைத்த பெயர் மறதிக் குல்லா.

அதன் பிறகு மறுபடியும் கூட்டம். ஆட்கள் மண்டியிட்டார்கள், அழுதார்கள், பக்கத்தில் நின்ற அந்நியரைக் கட்டிப்பிடித்தார்கள். அதையெல்லாம் விளம்பரத்தில் காட்டினார்கள். உலக அதிசயத்தைத் தாண்டிப் போய், ஒட்டகத்தின் கண்ணிமை மயிரைப் பார்த்து அசந்து நின்றவர்களும் உண்டு. அவர்களைக் காட்டவில்லை.

மங்கையர்க்கரசி இவ்வளவு தூரம் வந்தது தனக்காக இல்லை. ஆவுடையப்பன் வாயைப் பிளந்து ஒரே ஒரு தடவை “அப்படியா!” என்று சொல்வதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்ற அந்த மனுஷரை ஆச்சரியப்படுத்துவது லேசுப்பட்ட காரியமா? நயாகராவைப் பார்த்து, “ம், தண்ணி நல்லா வருது,” என்றார். மகன் இளம்பரிதி பிறந்த அன்று தொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டு, “ம், நல்லாருக்கான்,” என்றார். அந்த “ம்” இருக்கிறதே, அதோடுதான் அவள் முப்பத்தாறு வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறாள்.

பிரமிடு என்றால் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பைத்தியம். சிவகாசியில் அவள் அப்பா காலண்டர் அச்சாபீசில் மெஷின் ஓட்டினார். ஒரு வருஷம் மை மாறிப்போய், பிரமிடுக்குப் பின்னால் வானம் பச்சையாக விழுந்துவிட்டது. தள்ளுபடியான அந்தத் தாள்களில் ஒன்றை அப்பா வீட்டுக்குக் கொண்டுவந்து ஒட்டினார். பச்சை வானத்தின் கீழே அந்தப் பிரமிடைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்தவள், பின்னால் கிடைத்த புத்தகத்தையெல்லாம் படித்தாள், பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் டீச்சரும் ஆனாள். கல்யாணமான நாளிலிருந்து அதையெல்லாம் கணவரிடம் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறாள். பதிலுக்கு வந்தது “ம்.” “சுவத்துக்கிட்டப் பேசுனாக்கூட எதிரொலியாவது வரும்டி,” என்று தங்கையிடம் சொல்லிச் சொல்லி ஆற்றிக்கொள்வாள்.

குல்லா மாட்டியும் இவர் “ம்” என்றால்? அந்த நினைப்புதான் பேருந்தில் அவளை உறுத்திக்கொண்டிருந்தது. அப்போது குற்றம் படங்களின் மேல் இல்லை. இவ்வளவு காலம் அவள் சொன்ன எதுவும் இந்த மனுஷருக்குள் இறங்கவே இல்லை என்றுதானே அர்த்தம்? அதைத் தெரிந்துகொண்டு ஊருக்குத் திரும்பிப்போய் அதே வீட்டில் அதே சமையலைச் செய்ய அவளுக்குத் தெம்பு இருக்குமா என்று அவளுக்கே தெரியவில்லை.

மறைப்பி நிலையத்தில் ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார்கள். குல்லா மாட்டுகிற வேலையும் ரிஸ்வானாவுடையதுதான். தம்பதியாக வந்தவர்களில் ஒருவர் முதலில் போக வேண்டும். மற்றவர் மஞ்சள் துண்டு போட்டுக்கொண்டு துணைக்கு நடக்க வேண்டும். பிறகு ஆள் மாறிக்கொள்ளலாம்.

“சார் முதல்ல,” என்றாள் மங்கையர்க்கரசி. சார் மறுக்கவில்லை. எதையும் மறுக்கிற ஆளில்லை அவர்.

குல்லாவை மாட்டியதும் எதிரே திரையில் ஆவுடையப்பனின் நினைவு வரைபடம் தெரிந்தது. கருநீலத்தில் புள்ளிகளும் அவற்றைச் சேர்க்கும் நூல்களும்.

“சார், உங்களுக்கு வேண்டியவங்க பேரை ஒண்ணொண்ணாச் சொல்லுங்க. பேரைச் சொன்னா அவங்க இருக்கிற புள்ளி எரியும். அதைச் சுத்தி வேலி போட்டுருவேன். மறைப்பு அந்தப் பக்கமே போகாது.”

“இளம்பரிதி,” என்றார். பெரிய வெளிச்சம் ஒன்று எரிந்தது. ரிஸ்வானா விரலால் அதைச் சுற்றி வட்டம் போட்டாள். “சங்கரலிங்கம். எங்க அண்ணன்.” அதுவும் நன்றாகவே எரிந்தது.

பிறகு ஆவுடையப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டார். மேலே பார்த்தார். “மங்கையர்க்கரசி,” என்றார்.

மங்கையர்க்கரசிக்குக் காது சூடாகிவிட்டது. அவர் வாயிலிருந்து தன் பெயரை அவள் கேட்பது அதுதான் முதல் தடவை. வீட்டில் “இந்தா” என்பார், வெளியாட்களிடம் “வீட்ல” என்பார். அந்தச் சந்தோஷம் ஒரு நிமிஷம் கூட நிலைக்கவில்லை. திரையில் எரிந்தது ஒரு பொட்டு, கடுகளவு. அண்ணன் புள்ளியில் பத்தில் ஒரு பங்கு இருக்காது. ரிஸ்வானா அதைச் சுற்றியும் வட்டம் போட்டுவிட்டு மறைப்பை ஓடவிட்டாள்.

‘ஆக, எனக்கு இந்தத் தலைக்குள்ள இவ்வளவுதான் எடம்’ என்று நினைத்துக்கொண்டே மங்கையர்க்கரசி மஞ்சள் துண்டைத் தோளில் போட்டாள்.

கதவு திறந்தது. தை மாதத்து உச்சி வெயில், மணல், அதற்கு மேலே பாதி வானத்தை அடைத்துக்கொண்டு அது. பச்சை வானத்துக்கு முன்னால் பார்த்துப் பழகிய அவளே கழுத்து வலிக்க அண்ணாந்து நின்றாள். பக்கத்தில் பொன்னுரங்கம், “யாருய்யா இத்தன கல்லை இங்க கொண்டாந்து எறக்குனது!” என்று மணலிலேயே உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

ஆவுடையப்பன் கீழிருந்து மேலே பார்த்தார். மேலிருந்து கீழே பார்த்தார். கக்கத்தில் குடை.

“ம். கல்லு நெறையக் கெடக்கு.”

முடிந்தது, அவ்வளவுதான் என்று மங்கையர்க்கரசி முகத்தைத் திருப்பிக்கொண்டபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

“அம்மா, நீங்க இங்க வேலை பாக்கறவங்களா?”

யாரைக் கேட்கிறார் என்று அவளும் திரும்பிப் பார்த்தாள். வேறு யாரும் இல்லை. ஆவுடையப்பன் அவள் தோளில் இருந்த மஞ்சள் துண்டைக் காட்டி, மரியாதையாக, கொஞ்சம் கூச்சத்தோடு நின்றுகொண்டிருந்தார். விளையாட்டுக்குப் பேசுகிற ஆளில்லை அவர். அந்தக் கண்ணில் அவளைத் தெரிந்த சுவடே இல்லை.

கைத்திரையைப் பார்த்த ரிஸ்வானா நாக்கைக் கடித்துக்கொண்டு ஓடிவந்து அவளை ஓரமாக இழுத்தாள். “அம்மா, பதறாதீங்க. வேலி எங்கேயோ தப்பி விழுந்துருக்கு. உங்களையும் சேத்து மறைச்சிருச்சு. ரெண்டு மணி நேரத்துல எல்லாம் தானாத் திரும்பி வந்துரும், அதுல சந்தேகமே வேண்டாம். அதுவரைக்கும் அவர்கிட்ட ‘நான்தான் உங்க சம்சாரம்’னு மட்டும் சொல்லிராதீங்க. அரைத் தூக்கத்துல எழுப்புனா நூல் சிக்கிக்கும்.”

“ரெண்டு திட்டுத் திட்டலாமா?”

“அதுவும் வேண்டாம்மா. தெரியாதவங்க மாதிரி கூட நடங்க, அது போதும்.”

அப்படியாக மங்கையர்க்கரசி, முப்பத்தாறு வருஷத்துக்குப் பிறகு, முன்பின் தெரியாத ஒரு மனுஷரோடு பிரமிடைச் சுற்றி நடக்க ஆரம்பித்தாள்.

அந்த மனுஷர் அவள் நடைக்கு ஏற்ப மெதுவாக நடந்தார். வீட்டில் ஆவுடையப்பன் நாலு அடி முன்னால் போவார். கல் கிடந்த இடத்தில் “பாத்து வாங்க” என்றார். வெயில் ஏறியதும் குடையை விரித்து, தான் வெளியே நின்றுகொண்டு அவள் பக்கமாகப் பிடித்தார். வடக்குப் பக்கம் வந்ததும் நின்றுவிட்டார். பிரமிடின் நிழல் மணலில் விழுந்திருந்தது. அவர் சூரியனைப் பார்த்தார், நிழலைப் பார்த்தார், மூலையைப் பார்த்தார்.

“அட, திசைய ஒழுங்காப் பாத்துக் கட்டியிருக்கான். நிழல் முனை நேரா வடக்க விழுது. ஒயரம் எவ்வளவு இருக்கும்னு பாத்துருவமா?”

“எப்படிங்க? ஏறியா?”

“ஏறவே வேண்டாம்.” குடையை மடக்கி மணலில் செங்குத்தாக ஊன்றினார். “இந்தக் குடைக்கும் அதோட நிழலுக்கும் என்ன கணக்கோ, அந்தக் கல்லுக்கும் அதோட நிழலுக்கும் அதே கணக்குதான். ரெண்டுக்கும் சூரியன் ஒண்ணுதானே? ஆனா இது சரிஞ்சுகிட்டே வர்ற கட்டடம். பாதி நிழலு அதோட வயித்துக்குள்ளயே விழுந்துருது. அதனால அடிப்பக்கத்துல பாதிய வெளிய தெரியற நிழலோட சேத்துக்கணும்.”

“அப்படியா!” என்றாள் மங்கையர்க்கரசி. இவ்வளவு படித்தும் இதை யாரும் இத்தனை எளிதாக அவளுக்குச் சொன்னதில்லை. “குடைய வச்சே கண்டுபிடிச்சிரலாமா?”

அவர் அடிப்பக்கத்தையும் நிழலையும் எட்டு வைத்து அளந்தார். வாய்க்குள் பெருக்கினார், வகுத்தார். மறுபடியும் பெருக்கினார். பிறகு மெல்ல நிமிர்ந்து அந்தக் குவியலைப் பார்த்தார். அவர் வாய் திறந்தே இருந்தது.

“நூத்து முப்பது மீட்டருக்கு மேல வருதே! ஏங்க, யாரு கட்டுனது இது? எதுக்கு?”

இந்தக் கேள்விக்காகத்தானே அவள் இத்தனை காலம் காத்திருந்தாள்! மங்கையர்க்கரசி சொன்னாள். ஒரு ராஜாவின் சமாதி என்று சொன்னாள். ஆற்றில் படகு படகாகக் கல் வந்ததையும், அதை இழுத்தவர்களுக்கு ரொட்டி சுட்டுப் போட்ட அடுப்புகளையும், மேலே ஒரு காலத்தில் வெள்ளைக்கல் போர்த்தியிருந்ததையும் சொன்னாள். பச்சை வானத்தைக் கூடச் சொன்னாள். அவர் ஒவ்வொன்றுக்கும் “அப்படியா!” என்றார். “ரொட்டி அடுப்பக்கூடத் தோண்டி எடுத்துட்டாங்களா!” என்றார். கண்கள் அகலமாக, சின்னப் பையன் மாதிரி நின்றார். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கூடவே எரிச்சலும் வந்தது. இதே கதையை இதே வாயால் இதே காதுக்குச் சொன்னபோது இந்த “அப்படியா” எங்கே போயிருந்தது? யாரோ ஒருத்தியாக இருந்தால்தான் இவருக்குக் காது கேட்குமா?

“நல்லாச் சொல்றீங்கம்மா. உங்க பேரு?”

சொல்லலாமா என்று யோசித்துவிட்டுச் சொன்னாள். “மங்கையர்க்கரசி.”

“அட! எங்க வீட்லயும் அதே பேருதான்.”

“அப்படிங்களா? அவங்க எப்படி இருப்பாங்க?”

ஆவுடையப்பன் பதில் சொல்ல வாயைத் திறந்தார். திறந்தபடியே நின்றார். நெற்றியைத் தேய்த்தார். “சட்டுனு... முகம் வர மாட்டேங்குது.” கல்லில் உட்கார்ந்தார். “பேரு தெரியுது. கல்யாணப் பத்திரிகையில பாத்தது தெரியுது. வீடு ஞாபகம் இருக்கு, தட்டு ஞாபகம் இருக்கு, அதுல என்ன இருந்துச்சுன்னுகூட ஞாபகம் இருக்கு. பரிமாறுன கைய மட்டும் காணோம். ஏங்க, இது என்னங்க? பொண்டாட்டி முகம் ஞாபகம் வரலன்னா நான் என்ன மனுசன்?”

அவர் கண் கலங்கிவிட்டது. மங்கையர்க்கரசி அதற்கு முன் அதைப் பார்த்ததில்லை. அவர் அம்மா செத்த அன்றுகூட அவர் பந்தல்காரரோடு பேசிக்கொண்டுதான் இருந்தார்.

“குல்லா வேலைங்க இது. கொஞ்ச நேரத்துல வந்துரும்,” என்றாள். தண்ணீர்க் குப்பியைத் திறந்து நீட்டினாள். 

“வந்துருமா? நிச்சயமா வந்துருமா?” 

“எங்க போயிரப் போறாங்க?” என்றாள். அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அந்நியர் கையை எப்படிப் பிடிப்பது? பக்கத்துக் கல்லில் உட்கார்ந்துகொண்டு, பிரமிடைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேசினாள். அவர் அவள் முகத்தையே பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நிழல் கிழக்கே சாய ஆரம்பித்தபோது ஆவுடையப்பன் ஒரு கொட்டாவி விட்டார். தலையை உதறினார்.

“இந்தா, அந்தத் தண்ணியக் குடு.”

அந்த “இந்தா”வில் அவளுக்கு உயிர் வந்தது. வந்த கையோடு அவர் நிமிர்ந்து பிரமிடைப் பார்த்தார்.

“ம். படத்துல பாத்த மாதிரியேதான் இருக்கு.”

குப்பியை அவர் கையில் கொடுத்துவிட்டு விடுவிடுவென்று நிலையத்தைப் பார்த்து நடந்தாள் மங்கையர்க்கரசி. இந்தத் தடவை அவள்தான் நாலு அடி முன்னால்.

ரிஸ்வானா வாசலிலேயே காத்திருந்தாள். “அம்மா, தப்பு எங்கன்னு கண்டுபிடிச்சிட்டேன். உள்ள வாங்க, சாரும் வாங்க. நீங்களே பாக்கணும் இதை.”

திரையில் மறுபடி ஆவுடையப்பனின் வரைபடம் விரிந்தது. மறைப்பு போன பாதை மஞ்சளாகத் தெரிந்தது. பிரமிடு என்ற ஒரு புள்ளியில் தொடங்கி, கிளை பிரிந்து, மறுபடி கிளை பிரிந்து, வரைபடத்தின் பாதிக்கு மேல் மஞ்சளாகிக் கிடந்தது.

“சாதாரணமா இது சின்னதாத்தான் இருக்கும்மா. பாடப்புத்தகம், ரெண்டு படம், சுவர்த்திரையில பாத்தது, அவ்வளவுதான். சாருக்கு அந்தப் படமெல்லாம் இந்த ஓரத்துல பேருக்கு இருக்கு. மீதி அத்தனையும் ஒரே குரல். எந்த நூலப் புடிச்சாலும் உங்ககிட்டத்தான் கொண்டாந்து விடுது. அப்பாவோட அச்சாபீசு, பச்சை வானம், ரொட்டி அடுப்பு, நீங்க பிரசவத்துக்குப் போகையில ஆட்டோவுல வலி தெரியாம இருக்க இதைப் பத்தியே பேசிக்கிட்டுப் போனது, எல்லாம் இருக்கு. ஒண்ணு விடல. அதான் அதைத் தூங்க வைக்கப் போன குல்லா உங்களையும் சேத்துத் தூங்க வச்சிருச்சு.”

“வேலி போட்டீங்களே?”

“பேருக்குத்தானே போட்டோம்? இந்தக் கருவியச் செஞ்சவங்க ஊருல புருஷன் பொண்டாட்டியப் பேரு சொல்லித்தான் கூப்பிடுவான். பேரு எங்க இருக்கோ ஆளும் அங்க இருப்பாங்கன்னு நெனச்சுட்டாங்க. சாரு உங்களை எப்பவாவது பேரு சொல்லிக் கூப்பிட்டிருக்காரா? அந்தப் புள்ளியில இருந்தது கல்யாணப் பத்திரிகையும் குடும்ப அட்டையும்தான். நீங்க வேலிக்கு வெளிய இருந்தீங்க.” ரிஸ்வானா குல்லாவை எடுத்து அவர் தலையில் வைத்தாள். “சார், வீட்ல அம்மாவ எப்படிக் கூப்பிடுவீங்களோ அப்படிக் கூப்பிடுங்க.”

ஆவுடையப்பன் சங்கடத்தோடு மனைவியைப் பார்த்தார். “இந்தா,” என்றார், மெதுவாக.

திரை முழுக்க எரிந்தது. மகன், அண்ணன் எல்லோரும் அந்த வெளிச்சத்துக்குள் எங்கோ போய்விட்டார்கள்.

மங்கையர்க்கரசி திரையிலிருந்து கண்ணை எடுத்துக் கணவரைப் பார்த்தாள். பிறகு கேட்டாள். “எல்லாத்தையும் கேட்டுக்கிட்டா இருந்தீங்க?”

“பின்ன? நீ பேசயில நான் வேற எங்க போனேன்?”

“ஒரு வார்த்த, ‘அப்படியா’ன்னு சொல்லியிருக்கலாம்ல?”

“நடுவுல பேசுனா நீ நிறுத்திருவியே,” என்றார் ஆவுடையப்பன், இதைக்கூடவா சொல்ல வேண்டும் என்பது போல.

அவள் அழுதாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரிக்கவும் செய்தாள். ரிஸ்வானா நாசூக்காக ஏதோ பொத்தானைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“இப்ப உங்க முறைம்மா. பயப்படாதீங்க, இந்தத் தடவை நான் முதல்லயே பாதையப் பாத்துட்டுத்தான் மறைப்ப ஓட்டுவேன்.”

மங்கையர்க்கரசி உற்சாகமாகவே உட்கார்ந்தாள். கணவரை அந்நியராகப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று ஒரு குறுகுறுப்புகூட வந்திருந்தது. “என்னங்க,” என்று கூப்பிடச் சொன்னாள் ரிஸ்வானா. கூப்பிட்டாள். பெரிதாக, நிறைவாக ஒரு வெளிச்சம் எரிந்தது. ஆவுடையப்பன் அதைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார்.

“இப்பப் பிரமிடு,” என்று ரிஸ்வானா அந்தப் புள்ளியைத் தொட்டாள். மஞ்சள் நூல் கிளம்பியது. அப்பாவுக்குப் போனது. அச்சாபீசுக்கு, காலண்டருக்கு, பள்ளிக்கூடத்து நூலகத்துக்கு, புத்தகம் புத்தகமாக, வகுப்புப் பிள்ளைகளுக்கு என்று அழகாகப் படர்ந்தது. அந்தப் பெரிய வெளிச்சத்தின் பக்கம் ஒரு கிளைகூடப் போகவில்லை.

“உங்களுக்குப் பிரச்சினையே இல்லம்மா!” ரிஸ்வானாவின் முகம் மலர்ந்துவிட்டது. “ரொம்ப சுத்தமான பாதை. சாரு இதுல எங்கயுமே இல்ல. வேலிகூடத் தேவப்படாது.”

ஆவுடையப்பன் திரையின் அருகே வந்தார். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். “அந்த நெழல் கணக்கு எங்க இருக்கு?”

“எந்த நெழல் கணக்குங்க?”

“கல்யாணமான புதுசுல. மொட்டமாடியில. இது எவ்வளவு ஒயரம்னு நீ சொன்னே. ஏறாமலே அதை அளக்கலாம்னு நான் தண்ணித் தொட்டியோட நெழல வச்சுப் போட்டுக் காமிச்சேனே. மறுபடி நம்ம சங்கரலிங்கம் அண்ணன் வீட்டுலயும் ஒரு தடவை.” கோபமாகச் சொல்லவில்லை. வரைபடத்தில் விட்டுப்போன ஒரு எல்லைக்கல்லைத் தேடுகிறவர் மாதிரிதான் கேட்டார்.

ரிஸ்வானா நூல்களைப் பெரிதாக்கித் தேடினாள். மொட்டைமாடி இருந்தது. அங்கே அவள் பேசிக்கொண்டிருந்தது இருந்தது. நிழல் இல்லை.

மங்கையர்க்கரசிக்கு வெயிலில் ஊன்றிய குடை ஞாபகம் வந்தது. ‘இதை யாரும் எனக்கு இத்தனை எளிதாகச் சொன்னதில்லை’ என்று அவள் அங்கே நினைத்ததும், “அப்படியா!” என்று அசந்ததும் ஞாபகம் வந்தன. சுவர் என்று தங்கையிடம் சொன்னாளே, அந்தச் சுவர் யார்? அவளுக்கு வெட்கமாக இருந்தது.

“அம்மா, ஆரம்பிக்கவா?”

குல்லாவைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். “வேண்டாம்மா. மறக்கறதுக்கு எனக்குக் குல்லா தேவையில்ல.”

வெளியே வெயில் தணிந்திருந்தது. அடுத்த பேருந்துக் கூட்டம் இறங்கி அண்ணாந்து பார்த்து அலறிக்கொண்டிருந்தது. மங்கையர்க்கரசி அந்தப் பக்கம் திரும்பவில்லை. கணவர் பக்கம் திரும்பி ஒரு கல்லில் உட்கார்ந்தாள்.

“என்னங்க, அந்த நெழல் கணக்க இன்னொரு தடவ சொல்லுங்க.”

“இப்ப நெழல் கிழக்க சாஞ்சிருச்சே. கணக்குக் கொஞ்சம் சுத்தும்.”

“சுத்தட்டும்.”

ஆவுடையப்பன் குடையை மணலில் ஊன்றிச் சொல்ல ஆரம்பித்தார். நிழல் ஏன் மதியம் நேராக விழுகிறது என்பதில் தொடங்கி, சங்கரன்கோவில் பக்கத்தில் ஒரு பாறையை இப்படி அளந்த கதைக்குப் போய், அங்கிருந்து இன்னொன்றுக்குப் போனார். அவரிடம் இவ்வளவு பேச்சு இருந்தது அவளுக்குத் தெரியாது. “அப்படியா!” என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. நடுவில் பேசினால் அவர் நிறுத்திவிடுவாரோ என்று பயந்து மங்கையர்க்கரசி வெறுமனே, “ம்,” என்றாள்.